பெர்னி திறந்து வைத்த நான்கு ஜன்னல்கள்

மே மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை கல்லறைத் தோட்டத்துக்குப் போய், அம்மாவின் கல்லுக்கு முன்னால் ஜெரேனியம் பூந்தொட்டி ஒன்றை வைத்துவிட்டு வீடு திரும்பியதும், பெர்னடின் கப்பின்ஸ்கி செய்யும் முதல் வேலை துடைப்பக் கட்டையோடு நிலவறைக்கு இறங்குவது. அங்கே கூரையை ஒட்டினாற்போல், வெளியே புல்தரைக்கு ஒரு சாண் மேலே, நான்கு சின்ன ஜன்னல்கள். கட்டையால் ஒவ்வொன்றாகத் தள்ளித் திறந்து, "மூச்சு விடு" என்பாள். வீட்டைப் பார்த்துத்தான் சொல்வாள். அவளுடைய அம்மாவும் அதே நாளில், அதே ஜன்னல்களிடம், அதையேதான் சொல்வாள். செப்டம்பர் வரை அவற்றை மூடுவதில்லை.

மிஷிகன் ஏரிக்கரை நகரமான மில்வாக்கியின் தெற்குப் பக்கத்தில், எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இதே வழக்கம்தான். ஒரே ஒரு வீட்டைத் தவிர. அது பெர்னியின் பக்கத்து வீடு, ஆல்வின் ராட்கேயுடையது. அந்த வீடு ஆல்வின் கைக்கு வந்த பிறகு அதன் நிலவறை ஜன்னல்கள் கோடையில் திறந்து யாரும் பார்த்ததில்லை.

"அந்த ஆளு மனசும் அப்படித்தான். மூடியே கெடக்கும்" என்பாள் பெர்னி.

இதைச் சொல்ல அவளுக்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணத்துக்குப் பதினோரு வயது.

பெர்னியைக் கெட்டவள் என்று எங்கள் தெருவில் யாரும் சொல்ல மாட்டார்கள். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் நின்றவள். நானூறு பிள்ளைகளில் யாருக்குப் பட்டாணி பிடிக்காது, யாருக்குக் காரட் பிடிக்காது என்பது அவளுக்கு மனப்பாடம். பிடிக்காததையும் தட்டின் ஓரத்தில் வைத்து, "ரெண்டு வாய். அதுக்கு மேல உன் இஷ்டம்" என்பாள். அந்தப் பிள்ளைகள் இன்று தலை நரைத்து, கடைவீதியில் பார்த்தால் ஓடிவந்து கட்டிக்கொள்கிறார்கள். ஆனால் அவளுக்குக் கோபம் வந்தால், அது போவதற்கு வழி தெரியாமல் உள்ளேயே குடியிருந்துவிடும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு கோடை மழையில் பெர்னியின் நிலவறைச் சுவரில் ஈரம் ஒழுகியது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் எட்டடி இடைவெளி. ஆல்வின் வீட்டுக் கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயின் வாய் நேராக அவள் சுவரைப் பார்த்துத் திறந்திருந்தது. பெர்னி வேலியருகே நின்று, தெருவே கேட்கும்படி கத்தினாள்.

"எங்க வீட்ட முழுகடிக்கப் பாக்குறியா? இன்னொரு வார்த்த எங்கிட்ட பேசினா ரம்பத்த எடுத்துட்டு வந்து அந்தக் குழாய நானே அறுத்துருவேன்."

ஆல்வின் வாயைத் திறக்கவில்லை. அதன் பிறகு இருவரும் பேசவே இல்லை. அந்த வருஷம் அக்டோபரில் ஆல்வினின் மனைவி மார்லிஸ் புற்றுநோயில் இறந்தபோது, பெர்னி ஹாம் என்ற முழுப் பன்றித்தொடை ஒன்றைச் சுட்டுத் துண்டுபோட்டு, கணவன் லியோவிடம் கொடுத்தனுப்பினாள். தான் போகவில்லை. ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று, கறுப்புக் கார்கள் போவதைப் பார்த்தாள். அந்தத் திரைக்குப் பின்னால் அவள் அழுதது லியோவுக்கு மட்டும் தெரியும்.

லியோ நகரப் பேருந்து ஓட்டியவர். சாதுவான மனிதர். போன நவம்பரில் அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டன. அன்றிலிருந்து திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் நிலையத்தில், நான்கு மணி நேரம் ஊசியோடு நாற்காலியில் உட்கார வேண்டும். வெள்ளிக்கிழமை என்பதுதான் அவரை வாட்டியது. நாற்பத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் லியோவும் பெர்னியும் தெருமுனை பாரில், கடிகாரத்துக்குக் கீழே இருக்கும் மேசையில் உட்கார்ந்து மீன் வறுவல் சாப்பிட்டவர்கள். அவர் அவளிடம் கல்யாணத்துக்குக் கேட்டதும் அந்த மேசையில்தான். ஏழு மாதமாக அந்த மேசையில் வேறு யாரோ உட்காருகிறார்கள்.

வசந்தம் வந்தபோது டாக்டர் ஒரு வழி சொன்னார். வயிற்றில் பொருத்திய சின்னக் குழாய் வழியாக மருந்து நீரை ஏற்றி இறக்கும் டயாலிசிஸ். வீட்டிலேயே, தூங்கும்போதே ஒரு மெஷின் செய்துவிடும். பகல் முழுதும் அவருடையது. வெள்ளிக்கிழமைகளும்.

இருவரும் போய்ப் பயிற்சி எடுத்தார்கள். முதல் மாதத்துக்கான மருந்து நீர் முப்பத்தாறு அட்டைப் பெட்டிகளில் வந்து இறங்கியது. மேலே இருப்பது ஒரே படுக்கையறை, அதில் கட்டிலும் மெஷினும் போக நடக்கத்தான் இடம். காரேஜில் வைத்தால் குளிர்காலத்தில் உறைந்துவிடும். பெட்டிகள் நிலவறைக்குத்தான் போயின.

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நர்ஸ் யோலாண்டா வீட்டைப் பார்க்க வந்தாள். வீட்டு டயாலிசிஸுக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டியவள் அவள்தான். நிலவறைப் படியில் பாதி இறங்கும்போதே மூக்கைச் சுருக்கினாள். அடியில் இருந்த பெட்டி ஒன்றில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். விரல் உள்ளே போனது.

"பெர்னி, இதுக்குள்ள இருக்கிறது லியோவோட வயித்துக்குள்ள போகப்போற தண்ணி" என்றாள். "பூஞ்சை புடிச்ச எடத்துல இத வைக்கச் சொல்லி நான் கையெழுத்துப் போட முடியாது."

"சுத்தமா கூட்டிப் பெருக்கித்தானே வச்சிருக்கேன்?"

"அழுக்கச் சொல்லல. ஈரத்தச் சொல்றேன். இந்தப் பெட்டிங்கள திருப்பி எடுத்துக்கச் சொல்றேன். ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன், காய்ஞ்ச எடம் காட்டுங்க. இல்லன்னா அவர் எங்க நாற்காலிக்கே வரட்டும். இதச் சொல்ல எனக்கும் சந்தோஷமில்ல."

லியோ படியின் மேலே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "பரவால்ல பெர்னி, நாற்காலி பழகிருச்சு" என்றார். அந்த 'பரவால்ல'தான் அவள் நெஞ்சில் ஆணியாக இறங்கியது.

"எல்லாம் அந்த ராட்கேயோட குழாய்" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "என் வீட்ட நனைச்சது போதாதுன்னு, இப்ப உன்னையும்."

மறுநாளே நகரத்துக்கு வெளியே இருக்கும் பெரிய கடைக்குப் போய், ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்றை வாங்கிவந்தாள். அங்கே இருந்தவற்றிலேயே பெரியது எதுவோ அது. மெஷின் போட்ட சத்தத்தில் மேலே அலமாரியில் கிளாஸ்கள் கிணுகிணுத்தன. ஆனால் தண்ணீர் வந்தது. ஒரு நாளைக்கு நான்கு தொட்டி. ஒவ்வொரு தொட்டியையும் பெர்னி முழங்கால் வலியோடு படியேறித் தூக்கிவந்து, லியோவிடம் காட்டிவிட்டுத்தான் ஊற்றுவாள்.

"பாரு, எவ்வளவு உறிஞ்சுதுன்னு பாரு."

ஆனால் நிலவறையின் வாடை போகவில்லை. சுவர்கள் முன்போலவே கசிந்தன. மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் மெஷினுக்குள் இருக்கும் சுருள் குழாய் மேல் வெள்ளையாக ஐஸ் கட்டியிருந்தது. மெஷின் வெறுமனே முனகிக்கொண்டிருந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் டயாலிசிஸ் நிலையத்து வேன் லியோவை இறக்கிவிட்டுப் போனது. பெர்னி காப்பி போட்டு எடுத்துவருவதற்குள் அவர் கூடத்து நாற்காலியில் ஷூவைக்கூடக் கழற்றாமல் தூங்கிவிட்டிருந்தார். திறந்த ஜன்னல் வழியாகத் தெருமுனையில் மீன் வறுபடும் வாசனை வந்தது. தூக்கத்திலேயே லியோவின் மூக்கு அசைந்தது. பெர்னி மண்டியிட்டு அவர் ஷூவின் கயிற்றை அவிழ்த்தாள். அவிழ்த்துக்கொண்டே முடிவு செய்தாள்.

ஆல்வின் ராட்கே பீர் ஆலையின் குளிர்ப் பாதாள அறைகளில் முப்பது வருஷம் மெக்கானிக்காக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் பகுதி ஹார்ட்வேர் கடையில் வாரத்தில் நான்கு நாள் நிற்கிறார். ஈரம் உறிஞ்சும் மெஷின் கேட்டு யார் போனாலும் உடனே விற்க மாட்டார். ஈரம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றையும் ஒரு அட்டையையும் கையில் கொடுத்து, "மூணு நாள் எழுதிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார். கடை முதலாளிக்கு இதில் பொறுமல்தான். வாடிக்கையாளர்கள் அவருக்கு வைத்த பெயர் டாக்டர் ராட்கே.

சனிக்கிழமை காலையில் பெர்னி உள்ளே நுழைந்தபோது அவர் யாருக்கோ சாவி வெட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிர்ந்தது. சாவி மெஷின் நின்றது.

"மிஸஸ் கப்பின்ஸ்கி" என்றார்.

பிறந்ததிலிருந்து பக்கத்து வீடு. பதினோரு வருஷத்துக்கு முன்பு வரை அவருக்கு அவள் பெர்னி. பெர்னி கைப்பையை மேசைமேல் வைத்தாள்.

"ஈரம் உறிஞ்சுற மெஷின் வேணும். இருக்கிறதிலேயே பெருசு."

"புதன்கிழமை ஒண்ணு வந்து இறங்குச்சே."

"வேவு பாக்குறீங்களா?"

"அந்தப் பெட்டி என் உசரம் இருந்துச்சு. கண்ண மூடிட்டா நடக்க முடியும்?" ஆல்வின் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு குரல் இறங்கியது. "லியோ எப்படி இருக்கார்?"

அந்தக் கேள்விக்கு அவள் தயாராக வரவில்லை. குழாயைப் பற்றிக் கேட்பார், கத்தியதைப் பற்றிக் கேட்பார் என்று பதில்களை அடுக்கிவைத்திருந்தாள். லியோவைப் பற்றிக் கேட்டதும் அத்தனையும் சரிந்தன. பெட்டிகள், நர்ஸின் விரல், வெள்ளிக்கிழமை, ஷூக்கயிறு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிமுடித்தாள். சாவிக்காக நின்றவர்கூடத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"தண்ணி எவ்வளவு வருது?" என்றார் ஆல்வின்.

"ஒரு நாளைக்கு நாலு தொட்டி."

"காலைல உள்ள ஐஸ் கட்டுதா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பேஸ்மென்ட் ஜன்னல்?"

"தொறந்துதான் இருக்கு. ஜூன் மாசம் பின்ன மூடியா வைப்பாங்க?"

ஆல்வின் மெல்லத் தலையாட்டினார். "நாலு தொட்டி பத்தாதே. ஏரி ரொம்பப் பெருசாச்சே."

"எந்த ஏரி?"

"மிஷிகன் ஏரி. ஜன்னலத் தொறந்துவச்சு நீங்க உறிஞ்சிட்டிருக்கிறது அதத்தான்."

அவர் கடையின் ஃப்ரிட்ஜிலிருந்து ரூட் பீர் என்ற குளிர்பான பாட்டில் ஒன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தார். சாவியை வெட்டி முடித்துக் கொடுத்துவிட்டு வந்தார். அதற்குள் பாட்டில் வேர்த்து, அடியில் வட்டமாகத் தண்ணீர் தேங்கியிருந்தது.

"உள்ள இருக்கிறதா வெளிய வந்துச்சு?" என்று பாட்டிலைக் காட்டினார்.

"மூடிதான் தொறக்கலையே. வெளிக்காத்துல இருக்கிற ஈரம் வந்து ஒட்டுது. சில்லுன்னு இருக்கறதால" என்றாள் பெர்னி.

"உங்க சுவர்தான் இந்த பாட்டில். வருஷம் பூரா மண்ணுக்குள்ள குளுந்துபோய்க் கெடக்குது. நீங்க கோடைக்காத்த உள்ள விடுறீங்க. அது வேர்க்குது."

பெர்னி அந்தத் தண்ணீர் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கம்மா அப்படித்தான் செஞ்சாங்க."

"எங்கம்மாவும்தான். அவங்க பாதாள அறையில வேல பாக்கல, அவ்வளவுதான்." மீட்டரையும் அட்டையையும் நீட்டினார். "இன்னைக்கு உள்ள இருக்கிறத எழுதுங்க. அப்புறம் ஜன்னலச் சாத்துங்க. மெஷின நிறுத்துங்க. மூணு நாள் காலைல பாத்து எழுதிட்டு வாங்க."

"எனக்கு மூணு நாளெல்லாம் கெடையாது."

"பத்து நாள் இருக்கு. மூணு எனக்குக் குடுங்க."

பெர்னி வீட்டுக்குப் போய் அந்த நான்கு ஜன்னல்களையும் சாத்தினாள். ஒவ்வொன்றின் கொக்கியையும் மாட்டும்போது அம்மாவுக்குத் துரோகம் செய்வதுபோல் இருந்தது. சனிக்கிழமை மீட்டர் எண்பத்து நான்கு சதவீதம் ஈரம் என்றது. ஞாயிறு காலை எழுபத்தாறு. திங்கள் எழுபத்தொன்று. செவ்வாய் எழுபது, அதற்குக் கீழே இறங்கவில்லை. கடையில் அந்த அட்டையை அவள் நீட்டியபோது, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மதிப்பெண் அட்டையை நீட்டுவதுபோல் இருந்ததாம்.

"கொக்கி மாட்டினதுக்கே பதினாலு போயிருக்கு" என்றார் ஆல்வின். "மிச்சத்துக்குத்தான் மெஷின்."

கடையில் மூன்று இருந்தன. பெர்னியின் கை தன்னால் பெரியதன் மேல் போனது.

"அது ஸ்கூல் ஜிம்முக்கு. கைய எடுங்க."

"இந்தச் சின்னது?"

"மேல, சூடான ரூமுக்கு நல்லாருக்கும். உங்க பேஸ்மென்ட் ஃபாரன்ஹீட்ல அறுபது டிகிரிதான், குளுரு. குளுருல ஓடுற மாதிரி செஞ்சிருக்கணும். இல்லன்னா இதுலயும் ஐஸ்தான் கட்டும்." நடுவில் இருந்ததைத் தட்டினார். "இதுதான். குளுருல ஓடும். ஐஸ் கட்டினா தானே கரைச்சுக்கும். பம்ப்பும் இருக்கு, தண்ணியத் துணி தொவைக்கிற தொட்டிக்கே ஏத்தி விட்டுரும். நீங்க தூக்க வேண்டாம். முழங்காலுக்கு நல்லது."

"என் முழங்காலப் பத்தி உங்ககிட்ட யாரு சொன்னா?"

"நீங்க படி எறங்குறது எங்க வீட்டு வரைக்கும் கேக்குது. அந்தப் பெரிய மெஷின அந்தக் கடைக்கே திருப்பிக் குடுத்துருங்க. அட்டைப்பெட்டியக் கிழிச்சிருக்க மாட்டீங்க, எனக்குத் தெரியும்."

அவள் கிழிக்கவில்லைதான். மடித்துக் கட்டிவைத்திருந்தாள்.

புதன்கிழமை ஆல்வினே வந்து மெஷினைப் பொருத்தினார். பெட்டிகளைத் தரையில் வைக்கக் கூடாதென்று, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி மரச்சட்டங்களும் அடித்துக் கொடுத்தார். பெர்னி நன்றி சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அதற்கு முன்னால் அந்தப் பதினோரு வருஷம் குறுக்கே வந்து நின்றது.

"எல்லாம் சரி. மறுபடி மழை பேஞ்சா உங்க குழாய்த் தண்ணி இந்தச் சுவருக்குத்தானே வரும்?"

ஆல்வின் ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

பெர்னி தானே பார்த்துவிடுவதென்று வெளியே போனாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் லைலாக் புதர் ஆளுயரத்துக்கு வளர்ந்து மறைத்திருந்தது. பதினோரு வருஷமாக வீம்பில் அவள் அந்தப் பக்கம் எட்டிப்பார்த்ததே இல்லை. இப்போது கிளைகளை விலக்கிப் பார்த்தாள். ஆல்வின் கூரையிலிருந்து இறங்கிய குழாய் அவள் சுவரைப் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கமாகத் திரும்பி, மண்ணுக்குள் இறங்கி, அவருடைய முன்வாசல் முழுக்கப் புதைந்துபோய், தெரு ஓரத்தில் வாய் திறந்திருந்தது. மண்ணுக்குள் இறங்கும் இடத்தில் பாசி தடித்துப் படர்ந்திருந்தது. நேற்று வைத்த குழாய் இல்லை அது.

பின்னால் ஆல்வினின் காலடி கேட்டது.

"எப்ப?" என்றாள் திரும்பாமலே.

"நீங்க கத்தினதுக்கு அடுத்த சனிக்கிழமை. நீங்க ரெண்டு பேரும் யாரோட கல்யாணத்துக்கோ ஷெபாய்கன் ஊருக்குப் போயிருந்தீங்க. மார்லிஸ் நாற்காலி போட்டு உக்காந்து, நான் கோணலாத் தோண்டுறேன்னு சொல்லிட்டே இருந்தா. அவ வெளிய வந்து உக்காந்த கடைசி நல்ல நாள் அது."

"சொல்லியிருக்கலாமே, ஆல்வின்."

"இன்னொரு வார்த்த பேசினா ரம்பம்னு சொன்னீங்க. சொன்ன பேச்சு கேக்குற ஆளு நான்."

பெர்னி அழுதாள். தனக்காக ஒரு மனிதர் பூமியைத் தோண்டி வைத்திருந்ததைப் பார்க்காமல், அந்தப் பூமியை ஒட்டியே பதினோரு வருஷம் கோபத்தோடு நடந்ததற்காக அழுதாள். ஒரு நாற்காலியில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்த மார்லிஸுக்காக அழுதாள். ஆல்வினுக்கு அழுகிற பெண்களிடம் என்ன செய்வதென்று தெரியாது. பாக்கெட்டில் இருந்த கறைபடிந்த துணியை எடுத்து நீட்டினார்.

"போதும் பெர்னி. லைலாக்குக்கு இவ்வளவு தண்ணி ஆகாது."

பெர்னி என்ற அந்தப் பெயரைக் கேட்டதும் அவள் இன்னும் அழுதாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை யோலாண்டா வந்தபோது மீட்டர் நாற்பத்தேழு என்று காட்டியது. வெறும் பெட்டி ஒன்றை ஆறு நாளாக மரச்சட்டத்தின் மேல் வைத்திருந்தாள் பெர்னி. யோலாண்டா கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். பிறகு இரண்டு விரலால். பிறகு பேனாவை எடுத்தாள்.

"யார் செஞ்சா இத?"

"பக்கத்து வீட்டுக்காரர்" என்றாள் பெர்னி. அந்த வார்த்தையை அவள் அவ்வளவு மரியாதையாகச் சொல்லி லியோ கேட்டதில்லை.

லியோ சமையலறைக் காலண்டர் முன்னால் போய் நின்றார். வெள்ளிக்கிழமைகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். "அப்ப வெள்ளிக்கிழமைங்க எனக்கே திரும்பக் கெடைக்குமா?"

"புதுப் பெட்டி வந்ததும், எல்லா வெள்ளியும்" என்றாள் யோலாண்டா.

ஜூலை மாதத்தின் இரண்டாம் வெள்ளிக்கிழமை, கடிகாரத்துக்குக் கீழே இருந்த மேசையை பார் முதலாளி துடைத்துக் காலியாக வைத்திருந்தார். தெருவுக்கே விஷயம் தெரிந்திருந்தது. லியோ இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். ஆல்வினைப் பெர்னி கையைப் பிடித்து இழுத்துவராத குறை. வறுத்த மீன் வந்தது, ரை தானிய ரொட்டி வந்தது, லியோவின் உடம்புக்கு இப்போது ஆகாத உருளைக்கிழங்கு அடையும் வந்தது. அவர் கண் அதன் மேலேயே இருந்தது.

"ரெண்டு வாய்" என்றாள் பெர்னி. "அதுக்கு மேல என் இஷ்டம்."

சாப்பிடும் முன் அவள்தான் ஜெபம் சொன்னாள். மீனுக்கு நன்றி சொன்னாள். லியோ எதிரே உட்கார்ந்திருப்பதற்கு நன்றி சொன்னாள். யோலாண்டாவின் கட்டைவிரலுக்கு, சாத்திய ஜன்னல்களுக்கு, பாசி படர்ந்த ஒரு குழாய்க்கு, கோணலாகத் தோண்டுகிறாய் என்று சொல்லிக்கொண்டிருந்த மார்லிஸுக்கு நன்றி சொன்னாள்.

"ஆமென்" என்றார் லியோ. "மீன் ஆறுது."

பெர்னி முள்கரண்டியை எடுக்கவில்லை. "ஆல்வின், அந்த அக்டோபர்ல நான் வரல. வந்திருக்கணும்."

ஆல்வின் ரொட்டியில் நிதானமாக வெண்ணெய் தடவினார். "ஹாம் வந்துச்சே."

"அது லியோ குடுத்தது."

"லியோவுக்கு முட்ட வேகவைக்கத் தெரியாதுன்னு தெருவுக்கே தெரியும்." ரொட்டியைப் பாதியாகப் பிய்த்து அவள் தட்டில் வைத்தார். "நாலு நாள் அதத்தான் சாப்பிட்டேன். நல்லா இருந்துச்சு, பெர்னி. உப்புதான் கொஞ்சம் ஜாஸ்தி."